ஆர்டர் வாங்கும் கணிப்பொறிக்கும் முத்திரை வேண்டும்

நம் பகுதியில் மொத்த வியாபாரிகள் சிலர் ஆர்டர் வாங்கும் புரோகிராமைத் தங்கள் கடைக் கணிப்பொறியிலேயே வைத்து ஓட்டுகிறார்கள். கழுகுமலையிலும் விளாத்திகுளத்திலும் உள்ள சில்லறைக் கடைக்காரர் தம் செல்போனில் அந்த முகவரியைத் திறந்து, பாஸ்வேர்டு கொடுத்து, உளுந்து இரண்டு மூட்டை, வற்றல் ஒரு மூட்டை என்று எழுதிவிடுகிறார். மாத வாடகை இல்லை. பேரேடும் நம் கடையிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்காமல் வெறும் எச்.டி.டி.பி. என்று தொடங்கினால், பாஸ்வேர்டும் பாக்கித் தொகையும் தபால் கார்டில் எழுதியது போலப் போகின்றன. வழியில் இருப்பவர் படிக்கலாம். இரண்டு மூட்டையை இருபது என்று திருத்தவும் செய்யலாம்.

இதைத் தடுப்பதுதான் எஸ்.எஸ்.எல். சான்றிதழ். (இன்று உள்ளே ஓடுவது டி.எல்.எஸ். என்ற முறை, பழைய பெயரே நிலைத்துவிட்டது.) தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை வைப்பது போலத்தான் இதுவும். நமக்கு நாமே குத்திக்கொண்டால் செல்லாது. கணிப்பொறி தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியும். ஆனால் வாடிக்கையாளரின் போன் அதை நம்பாமல் எச்சரிக்கை காட்டும். "அதைத் தள்ளிவிட்டு உள்ளே போங்கள் அண்ணாச்சி" என்று நம்மவர்கள் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். மிகக் கெட்ட பழக்கம். நாளை ஒரு திருட்டு முகவரி அதே எச்சரிக்கையைக் காட்டும்போதும் அவர் தள்ளிவிட்டுத்தான் போவார்.

முத்திரை வைப்பவரிடமே தவறு நேர்ந்ததும் உண்டு. 2014 ஜூலையில் நம் நாட்டின் என்.ஐ.சி. சான்றிதழ்ப் பிரிவிலிருந்து, கூகுளின் முகவரிகளுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்தது. மறுநாளே மத்திய அரசின் கட்டுப்பாட்டு அலுவலகம் அப்பிரிவின் சான்றுகளை ரத்து செய்தது. பின்னர் குரோம் பிரவுசர், இந்திய அரசின் சான்றைக் குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டுமே ஏற்றது.

இப்போது செலவு ஒரு தடையல்ல. அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்தும் லெட்ஸ் என்கிரிப்ட், 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கி, அது நம் கணிப்பொறிக்கு வந்து சேரும்படி செய்யுங்கள். பிறகு சர்ட்பாட் என்ற புரோகிராமை ஓட்டினால், முகவரி நம் கையில்தான் இருக்கிறதா என்று அவர்கள் வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பார்கள். தட்டும் கதவு 80-ஆம் எண் போர்ட்; ரூட்டரில் அது திறந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் வந்து போக 443-ஐயும் திறக்க வேண்டும். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே ஐ.பி. எண்ணைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். அப்படியிருந்தால் தட்டுவது நம்மிடம் வந்து சேராது; தனி எண் கேட்டு வாங்குங்கள். ஆடிட்டரிடம் ஜி.எஸ்.டி.க்காக உள்ள கையெழுத்து டோக்கன் இதற்கு உதவாது. அது ஆளுக்கு, இது முகவரிக்கு.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முத்திரை. இதற்கு இப்போதைக்கு 90 நாள்தான். கெடு முடிந்த காலையில் கடை திறந்திருக்கும், ஆர்டர் வராது. முன்பு நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். 2029 மார்ச் முதல் யார் தரும் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் முடிவாகியுள்ளது. ஆகவே தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லி, கூலி கொடுக்குமுன் ஒத்திகை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சான்றிதழ்க் கோப்பை யாரும் பார்க்கலாம். கூடவே இருக்கும் தனிச்சாவிக் கோப்பை மட்டும் யார் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.