உங்களுக்குத் தெரியுமா? – நிலக்கரி சுமந்த ‘லோகோமோஷன்’

1825 செப்டம்பர் 27. வட இங்கிலாந்தில் ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில்பாதை திறக்கப்பட்ட நாள். அன்று வண்டியை இழுத்த ‘லோகோமோஷன்’ எஞ்சின் பொது அறிவுப் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது. அந்த ஒரு நாள் கூத்து முடிந்த பிறகு அது என்ன செய்தது? நிலக்கரி இழுத்தது. ஒருமுறை வெடித்தது. மறுபடி எழுந்து வேலைக்குப் போனது. கடைசியில் தண்ணீர்கூட இறைத்தது. அந்தப் பாடுகளைப் பற்றித்தான் இந்த வாரத் துணுக்குகள்.

✽

அதற்கு முதலில் வைத்த பெயர் லோகோமோஷன் அல்ல, ‘ஆக்டிவ்’. நியூகாசில் நகரத்தில் ராபர்ட் ஸ்டீவன்சன் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. ரயில் எஞ்சின் செய்வதற்கென்றே உலகில் முதலில் தொடங்கிய தொழிற்சாலை அதுதான். தொடங்கிய ஆண்டு 1823. ஆனால் எஞ்சின் உருவானபோது கம்பெனிக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் ஊரில் இல்லை. தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் வெள்ளிச் சுரங்கங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையையும் பாதையையும் சேர்த்துக் கவனித்தவர் தந்தை ஜார்ஜ் ஸ்டீவன்சன்.

✽

எஞ்சின் பாதைக்கு வந்து சேர்ந்தது எப்படி? குதிரைகள் இழுத்த வண்டியில், மண் சாலை வழியாகத்தான்! ஏக்ளிஃப் லேன் என்ற இடத்தில் இறக்கித் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். கொதிகலனில் தண்ணீர் நிரப்பியாயிற்று, அடுப்பில் விறகும் அடுக்கியாயிற்று, பற்றவைக்க நெருப்பு இல்லை. கூட்டத்தில் நின்ற பாதை வேலைத் தொழிலாளி ஒருவர், தன் புகைக்குழாயைப் பற்றவைக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டினாராம். அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லும் கதை இது. பெரிய முதலாளிகளின் பாதையில் முதல் தீயை ஒரு கூலித் தொழிலாளி மூட்டினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

✽

எஞ்சினின் எடை சுமார் ஆறரை டன். வளர்ந்த இரண்டு ஆண் யானைகளின் எடைகூட இல்லை. இரண்டு சிலிண்டர்களும் கொதிகலனுக்கு மேலே செங்குத்தாக நின்றன. பிஸ்டன் தண்டுகள் நம் கண்ணெதிரே மேலும் கீழும் ஏறி இறங்கும். டிரைவருக்குக் கூரையும் கிடையாது, இருக்கையும் கிடையாது. கொதிகலனின் பக்கவாட்டில் ஒட்டிய குறுகிய பலகையில், சூட்டோடு சூடாக, தலைக்கு மேலே இரும்புத் தண்டுகள் ஆட, நின்றபடியே ஓட்டவேண்டும். மழையும் பனியும் அவர் தலையில்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று சக்கரங்களில் இருந்தது. அதுவரை வந்த எஞ்சின்களில் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சங்கிலி போட்டோ பற்சக்கரம் வைத்தோ இணைத்தார்கள். லோகோமோஷனில்தான் முதன்முறையாக வெளிப்புறம் இரும்புத் தண்டு வைத்து இணைத்தார்கள். பழைய தமிழ்ப் படங்களில் நீராவி ரயில் புறப்படும்போது சக்கரங்களோடு சேர்ந்து முன்னும் பின்னும் சுழலுமே ஒரு நீளத் தண்டு, அதன் மூதாதை இதுதான்.

✽

திறப்பு நாளில் ஏறியவர்கள் எத்தனை பேர்? ரயில்பாதைக் கம்பெனி இடம் ஒதுக்கியது 300 பேருக்கு. ஏறியவர்கள் 450 முதல் 600 வரை. நிலக்கரி வேகன்கள் 12, மாவு மூட்டைகள் ஏற்றிய வேகன் ஒன்று, இயக்குநர்கள் உட்கார ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்ற பெட்டி, பலகை இருக்கை பொருத்திய நிலக்கரி வேகன்கள் இருபதுக்கு மேல். இத்தனையையும் ஒரே எஞ்சின் இழுத்தது. ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன். முன்னால் கொடி பிடித்த குதிரை வீரர் ஒருவர்.

கொஞ்ச தூரத்திலேயே ஒரு வேகனின் சக்கரம் கழன்றது. அதை ஓரம் கட்டிவிட்டுப் புறப்பட்டார்கள். பிறகு எஞ்சினே நின்றது. சரிசெய்ய 35 நிமிடம். அதன்பின் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர் வேகம் வரை எட்டியது. டார்லிங்டனில் பத்தாயிரம் பேர் காத்திருந்தார்கள். அங்கே ஆறு வேகன் நிலக்கரியைக் கழற்றி ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் வேகத்தை மறக்காமல் எழுதுகிறார்கள். குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் ஏழை வீட்டு அடுப்புக்குப் போன அந்த ஆறு வேகனையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும்.

✽

இந்த ரயில்பாதையின் தந்தை என்று போற்றப்படுகிறவர் டார்லிங்டன் வணிகர் எட்வர்ட் பீஸ். ஸ்டீவன்சன்மீது நம்பிக்கை வைத்து, எஞ்சின் தொழிற்சாலைக்கும் பணம் போட்டவர். திறப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. முந்தின இரவுதான் அவருடைய மகன் ஐசக் இறந்துபோயிருந்தான்.

✽

ஜார்ஜ் ஸ்டீவன்சனின் நேர்மைக்கு ஒரு சான்று தண்டவாளத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்புத் தண்டவாளத்துக்கு அவரே கூட்டாகக் காப்புரிமை வைத்திருந்தார். அதை வாங்கச் சொல்லியிருந்தால் அவருக்குப் பணம் வந்திருக்கும். ஆனால் பெட்லிங்டன் ஆலையில் ஜான் பர்க்கின்ஷா என்பவர் உருட்டிச் செய்த தேனிரும்புத் தண்டவாளம்தான் எஞ்சின் எடைக்கு உடையாமல் தாங்கும் என்று கண்டதும், தன் சரக்கை ஒதுக்கிவிட்டு அதையே பரிந்துரைத்தார். பாதையின் பெரும்பகுதி அந்த இரும்பில்தான் போடப்பட்டது. டார்லிங்டனுக்கு மேற்கே கல் கட்டைகளின் மேலும், கிழக்கே ஓக் மரக்கட்டைகளின் மேலும் தண்டவாளம் உட்கார்ந்தது.

தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 4 அடி 8 அங்குலம். பிறகு அரை அங்குலம் கூட்டினார்கள். உலகின் பெரும்பாலான ரயில்கள் இன்றும் ஓடுவது அந்த 4 அடி எட்டரை அங்குலத்தில்தான். நம் நாடு வேறு வழி போனது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போட்ட பாதை 5 அடி 6 அங்குலம்.

✽

டிரைவருக்கு மாதச் சம்பளம் கிடையாது என்பது தெரியுமா? ஒரு டன் சரக்கை ஒரு மைல் இழுத்தால் கால் பென்னி. ஐம்பது டன்னை இருபது மைல் இழுத்தால் 250 பென்னி; அந்தக் காலக் கணக்கில் ஒரு பவுண்டுக்குச் சற்றே மேல். கேட்க நல்ல கூலி போலத்தான் இருக்கும். ஃபயர்மேனுக்குக் கூலி, அடுப்புக்குக் கரி, சக்கரத்துக்கு எண்ணெய் எல்லாம் அதற்குள்ளேயே அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி நின்றால் வருமானமும் நின்றது. ஜார்ஜின் அண்ணன் ஜேம்ஸும் இந்தக் கூலிக்கு ஓட்டியவர்தான்.

✽

ஒற்றைத் தடம். ஒரு மைலுக்கு நான்கு இடத்தில் ஒதுங்குவதற்கு லூப் லைன். சிக்னல் இல்லை. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் குதிரையைப் பூட்டி அதே பாதையில் வேகன் ஓட்டலாம். எஞ்சின் வந்தால் குதிரைக்காரர் ஒதுங்கவேண்டும் என்பது விதி. எதிரெதிரே வந்து நின்றுகொண்டு, “நீ பின்னால் போ”, “நீ போ” என்று வாய்ச்சண்டை கைகலப்பு வரை போனதுண்டு. குறுகலான கிராமத்துச் சாலையில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை.

✽

‘உலகின் முதல் பயணிகள் ரயில் எஞ்சின்’ என்று லோகோமோஷனைச் சொல்வது வழக்கம். அது முழு உண்மை அல்ல. திறப்பு விழா முடிந்ததும் எஞ்சின் நிலக்கரிக்குப் போய்விட்டது. பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே தண்டவாளத்தில் ஓடியவை குதிரை பூட்டிய பெட்டிகள். அந்தப் பாதையில் பயணிகளுக்கென்று முறையாக நீராவி வண்டி விட்டது 1833-ல்தான்.

✽

குதிரையும் ரயிலில் பயணம் செய்தது! 1828 முதல், வேகன்களின் கடைசியில் ‘டாண்டி’ என்ற தாழ்வான வண்டி ஒன்றைக் கோத்தார்கள். இறக்கத்தில் வேகன்கள் தாமாகவே உருளும். அப்போது குதிரை ஓடிவந்து டாண்டியில் ஏறி நின்று, வைக்கோல் தின்றபடி இளைப்பாறும். இறக்கம் முடிந்ததும் இறங்கி மறுபடி இழுக்கும். குதிரைகள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டன.

✽

இத்தனை பாடும் எதற்காக? ஸ்டாக்டனில் ஒரு டன் நிலக்கரி 18 ஷில்லிங் விற்றுக்கொண்டிருந்தது. பாதை வந்ததும் 12 ஷில்லிங் ஆனது. 1827-க்குள் எட்டரை ஷில்லிங். பாதிக்கும் கீழே!

✽

ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் எஞ்சின்களைக் கைவிட்டுக் குதிரைக்கே திரும்பிவிடலாமா என்று கம்பெனி யோசித்தது. காரணம் இருந்தது. வார்ப்பிரும்புச் சக்கரங்கள் உடைந்தன. கொதிகலனுக்குள் நெருப்பு போகும் குழாய் ஒன்றே ஒன்று. அதனால் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணானது. ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும், நின்று நீராவி சேரும் வரை காத்திருக்கவேண்டும்.

காப்பாற்றியவர் ஷில்டன் பட்டறையின் பொறுப்பாளர் டிமத்தி ஹாக்வொர்த். உடைந்ததை ஒட்டவைத்து, ஓயாமல் பழுது பார்த்து வண்டிகளை ஓடவைத்துக்கொண்டே, 1827-ல் ஆறு சக்கரமுள்ள ‘ராயல் ஜார்ஜ்’ எஞ்சினைத் தானே உருவாக்கினார். அது குதிரையைவிட நீராவியே மலிவு என்று நிரூபித்தது. ஸ்டீவன்சன் பெயர் உலகெங்கும் தெரியும்; ஹாக்வொர்த் பெயர் ரயில் பிரியர்களுக்கு மட்டும்தான் தெரியும். என் கணக்கில் இருவருக்கும் பாதிப் பாதிப் பெருமை.

✽

1828 ஜூலை 1. எஞ்சின் முதன்முதலில் தண்டவாளம் ஏறிய அதே ஏக்ளிஃப் லேனில், தண்ணீர் பிடிக்க நின்றிருந்தபோது லோகோமோஷனின் கொதிகலன் வெடித்தது. டிரைவர் ஜான் க்ரீ உயிரிழந்தார். தண்ணீர் இறைக்கும் தொழிலாளி படுகாயமடைந்து ஊனமானார்.

எப்படி நடந்தது? அழுத்தம் கூடினால் நீராவியை வெளியே விடுவதற்குத்தான் சேஃப்டி வால்வு. நின்றிருக்கும் நேரத்தில் அதன் கையைக் கட்டி வைத்துவிட்டார்கள். அவசரம், அலட்சியம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் டன்னுக்கும் மைலுக்கும் கூலி, கரிச்செலவு தன் கையிலிருந்து என்ற ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். நிற்கும்போது புஸ்ஸென்று வெளியேறும் ஒவ்வொரு நீராவித் துளியும் அந்தத் தொழிலாளியின் கரி, அவருடைய காசு. வால்வைக் கட்டிய கை அவர்களுடையதாக இருக்கலாம். கட்டத் தூண்டியது அந்தக் கூலி முறை என்றே நான் நினைக்கிறேன். நூற்றாண்டு விழா மேடைகளில் முதல் நாள் எஞ்சின் ஓட்டியவரின் பெயரை எத்தனை முறை சொல்கிறோமோ, அத்தனை முறை ஜான் க்ரீயின் பெயரையும் சொல்லவேண்டும்.

எஞ்சினைத் திரும்பக் கட்டி, மறுபடி நிலக்கரிக்கு அனுப்பினார்கள்.

✽

1801-ல் மிடில்ஸ்பரோவின் மக்கள் தொகை 25. இருபத்தைந்து ஆயிரம் அல்ல, வெறும் இருபத்தைந்து பேர். ஸ்டாக்டனில் ஆறு ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் வரமுடியவில்லை; பாதையை ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு நீட்டினார்கள். 1830 டிசம்பரில் நிலக்கரி வண்டி மிடில்ஸ்பரோ போய்ச் சேர்ந்தது. 1841-ல் அங்கே ஐயாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ரயில் பெற்றெடுத்த ஊர் என்றால் அதுதான்.

✽

1841-ல் லோகோமோஷன் வழக்கமான வேலையிலிருந்து நின்றது. 1846 ஜூன் 4 அன்று ரெட்கார் பாதையின் திறப்பு விழாவுக்கு மறுபடி அழைத்து வந்தார்கள். ஓய்வு பெற்றவரை விழாவுக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவதுபோல என்று நினைத்தேன். ஆனால் அதோடு விடவில்லை. 1850-களில் பீஸ் குடும்பத்தின் நிலக்கரிச் சுரங்கத்தில், சக்கரம் சுழலாமல் ஒரே இடத்தில் நின்று, தண்ணீர் இறைத்தது. 1857 வரை இந்த வேலை. பிறகுதான் யாருக்கோ அதன் அருமை தெரிந்து, சுத்தம் செய்து, டார்லிங்டனில் பீடத்தில் ஏற்றினார்கள். பழைய எஞ்சின் என்றால் உடைத்து இரும்பு விலைக்குப் போடுவதே வழக்கமாக இருந்த காலம் அது.

✽

1892 முதல் 1975 வரை அது நின்ற இடம் டார்லிங்டன் பேங்க் டாப் ரயில் நிலையத்தின் பிளாட்பாரம். 83 ஆண்டுகள், வேறு எஞ்சின்கள் இழுத்துப் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு.

நடுவில் ஒருமுறை ஊர்வலம் போனது. 1925-ல் நூற்றாண்டு அணிவகுப்பு. கொதிகலனில் நீராவி ஏற்றப் பயந்து, பின்னால் கரி வைக்கும் டெண்டருக்குள் பெட்ரோல் எஞ்சினை ஒளித்துவைத்துத் தள்ளினார்கள். புகை வரவேண்டுமே! அதற்காக எண்ணெயில் நனைத்த பஞ்சுக் கழிவைப் புகைபோக்கிக்குள் எரித்தார்கள்.

✽

1975-ல் 150-ஆம் ஆண்டுக்காக நீராவியில் ஓடும் நகல் எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். 2025 செப்டம்பரில், 200-ஆம் ஆண்டில், பழைய வழித்தடத்தில் ஓடியது அந்த நகல்தான். மூல எஞ்சினை யார் வைத்துக்கொள்வது என்று டார்லிங்டனுக்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் இழுபறி நடந்து, 2021-ல் அது ஷில்டனுக்குப் போனது. முதல் நாள் புறப்பட்ட ஊர் அது; ஹாக்வொர்த் அதைப் பழுது பார்த்த ஊரும் அதுவே. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கே ‘லோகோமோஷன்’ என்றுதான் பெயர். நுழைவுக் கட்டணம் இல்லை.