நயினாதீவு எவ்வளவு தூரம்?

ஆனி மாதம் நெருங்கினால் லயங்களில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாப் பேச்சு தொடங்கிவிடும். "ஐயா, நயினாதீவு இங்கேருந்து எத்தனை மைலுங்க?" என்று பலர் கேட்கிறார்கள். மைலைக் கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள் என்பதே என் பதில்.

ஓர் உதாரணம் பாருங்கள். அட்டனிலிருந்து நயினாதீவு நேர்கோட்டில் சுமார் 315 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். சென்னைதான் கூடத் தூரம். ஆனால் 2019இல் தொடங்கி, கொவிட் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்த பலாலி விமானம் ஒன்றேகால் மணி நேரம் அளவில் சென்னையில் இறங்கிவிடுகிறது. நமக்கோ நயினாதீவு போக ஓர் இரவு முழுதும் வேண்டும்.

காரணம் என்ன? விமானம் நேராகப் பறக்கிறது. நம்ம பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். அதற்குப் பிறகு கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை மட்டுமே 321 கிலோமீற்றர். கடைசியில் கடல் வேறு இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அட்டன்–கண்டி 3 மணி. கண்டி–யாழ்ப்பாணம் 8 மணி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு ஒன்றரை மணி. படகில் சுமார் 20 நிமிடம். ஓடும் நேரம் மட்டும் ஏறக்குறைய 13 மணி. பஸ்ஸுக்கும் படகுக்கும் காத்து நிற்கும் நேரம் 3 மணியாவது சேர்த்தால் 16 மணி. விமானத்துக்கும் இதே கதைதான். ஒன்றேகால் மணி பறக்க, இரண்டு மூன்று மணிக்கு முன்பே போய் நிற்க வேண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் புறப்பட்டால் சனி காலை 8 மணியளவில் அம்மன் வாசலில் நிற்கலாம். அன்று பகலே திரும்பினால் ஞாயிறு வீட்டில். சனிக்கிழமை ஒரு நாள் பேர் மட்டும்தான் போகும்.

நெடுந்தீவையும் பார்க்கலாம் என்று நினைத்தால் கணக்கு மாறிவிடும். அதற்கும் குறிகாட்டுவானில்தான் ஏற வேண்டும். போக ஒரு மணி, வர ஒரு மணி. படகுகளும் குறைவு. ஆனியில் தென்மேல் காற்று அடிப்பதால் அலை அதிகம், வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தலை சுற்றும். ஊர்காவற்றுறை அப்படியில்லை. அது வேலணைத் தீவிலேயே இருப்பதால் பஸ்ஸிலேயே போய் வரலாம்.

நம்ம தோட்டத்துக் குடும்பம் ஒன்று "கிட்டத்தானே" என்று நெடுந்தீவு போய், கடைசிப் படகைத் தவறவிட்டு, திங்கள் பின்னேரம்தான் வீடு வந்தது. புருஷன், பொஞ்சாதி இரண்டு பேருக்கும் திங்கள் பேரும் போச்சு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சையும் போச்சு.

எனவே புறப்படுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். இறங்குதுறையில் இறங்கியவுடன் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகில் பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்கு முதலில் மாட்டுங்கள். திரும்பும் பஸ் காசைத் தனியாக முடிந்து வையுங்கள்.

அம்மனைக் கும்பிட்டு நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.