சிறை மதிலைத் தாண்டும் குரல்

ஒருவர் சிறைக்குப் போனால் தண்டனை அவரோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் இருப்பவர்களும் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள். அது ஊரையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பமாக இருந்தால் சுமை இரட்டிப்பாகிறது. வெலிக்கடையிலோ மகசினிலோ இருக்கும் மகனைப் பார்ப்பதற்காக வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை அறைகளில் தங்கிக் காத்திருந்த பெற்றோரை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். பஸ் செலவும் கூலி இழப்பும் போக, கிடைப்பது சில நிமிடப் பேச்சுத்தான். இந்தத் தூரத்தைத் தொலைபேசியால் குறைக்க முடியுமா?

செய்தி தெரியாத வேதனை

1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தம் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்டறிய உறவினருக்கு வழி இருக்கவில்லை. பின்னர் 1989 முதல் இலங்கையில் பணியாற்றிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, தடுப்பில் இருந்தோரைச் சந்தித்ததோடு குடும்பச் செய்திகளையும் கொண்டு சேர்த்தது. திறந்த தாளில் எழுதிய அந்தச் சில வரிகளே பல வீடுகளுக்கு ஆறுதலாயின.

2020 இல் கொரோனாவால் பார்வையிடல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 29 ஆம் திகதி வத்தளைக்கு அண்மையிலுள்ள மகர சிறைச்சாலையில் கலவரம் மூண்டு 11 பேர் இறந்தனர். நூறுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்றும் தாய்மார் வாசலில் நின்று பெயர் கேட்டுக் கதறினர். கைத்தொலைபேசி இல்லாத வீடே அரிதான காலத்திலும் சிறை வாசலில் நிலைமை மாறவில்லை.

இன்றைய முறை

பல நாடுகளில் சிறைக்குள் தொலைபேசி ஒழுங்கான ஒரு முறையில் இயங்குகிறது. கைதி தாம் பேச விரும்புவோரின் இலக்கங்களை எழுதிக் கொடுப்பார். நிர்வாகம் விசாரித்து அவற்றை அனுமதிக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசிய இலக்கம் உண்டு. அதை அழுத்தினால் அனுமதி பெற்ற இலக்கங்களுக்கு மட்டுமே இணைப்புக் கிடைக்கும். நேரம் முடிந்ததும் அழைப்புத் தானாக நிற்கும். பேச்சு பதிவு செய்யப்படலாம். சட்டத்தரணியோடு பேசுவதற்கு மாத்திரம் இரகசியம் காக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 இல் அழைப்பு வசதி கூட்டப்பட்டு, முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்புக்கும் இடம் கொடுக்கப்பட்டது.

கள்ளமாகக் கடத்தப்படும் கைத்தொலைபேசிகளால் போதைப்பொருள் வியாபாரமும் கொலைகளும் உள்ளிருந்தே நடத்தப்படுகின்றன என்று அதிகாரிகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் நேர்வழி அடைபட்டால்தான் கள்ளவழிக்கு விலை ஏறும்.

செலவு யாருடையது?

இதிலும் ஏழைகள் சுரண்டப்படலாம். ஐக்கிய அமெரிக்காவில் சிறைத் தொலைபேசி தனியார் கம்பனிகளின் கையில் இருந்ததால் கட்டணம் மிகவும் உயர்ந்தது. சிறையிலிருந்த பேரனோடு பேசப் பணம் போதாத மார்த்தா றைற் என்ற கண்பார்வையற்ற பாட்டி 2000 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அவர் இறந்தபின், 2023 சனவரியில், நியாயமான கட்டணத்துக்கான சட்டம் அவர் பெயரிலேயே நிறைவேறியது. கனெற்றிக்கட், கலிபோர்னியா மாநிலங்கள் சிறை அழைப்புகளை இலவசமாக்கின. ஒரு பாட்டியின் விடாப்பிடி சட்டமாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

இது வெறும் ஆறுதலுக்கான வசதியும் அல்ல. 2017 இல் இங்கிலாந்தில் வெளியான பாமர் பிரபுவின் அறிக்கை, குடும்பத்தார் வந்து பார்க்கும் கைதிகள் மீண்டும் குற்றம் செய்வது 39 வீதம் குறைவு என்ற கணக்கை எடுத்துக் காட்டியது. நமது குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருக்கும். பிரதேச செயலகத்தில் காணிப் பதிவு நடக்கும். வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு ஒரு போகத்தைக் காப்பாற்றும்.

உரிமை என்ன சொல்கிறது?

2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 58 ஆவது விதி, கடிதம், தொலைபேசி, பார்வையிடல் ஆகியவற்றால் குடும்பத்தோடு தொடர்பு கொள்ளக் கைதிக்கு இடமளிக்கிறது. 59 ஆவது விதி, இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்கச் சொல்கிறது. வேறு சிறைக்கு மாற்றினால் குடும்பத்துக்கு உடனே அறிவிக்கும் உரிமையை 68 ஆவது விதி தருகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தரிடம் தொலைபேசி வசதி உண்டா என்று கேளுங்கள். உங்கள் இலக்கம் மாறினால் உடனே அறிவியுங்கள். இடம்பெயர்ந்தவர்கள் இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

2. பேச வேண்டியதை முன்பே தாளில் எழுதி வையுங்கள். காணி, கடன், பிள்ளையின் படிப்பு முதலில். வழக்கு விபரத்தைத் தொலைபேசியில் பேசாதீர்கள், அது சட்டத்தரணிக்குரியது.

3. காணி அலுவலுக்கு அற்றோணித் தத்துவம் தேவையா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

4. அதிகாரி என்று சொல்லிப் பணமோ ரீலோட்டோ கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். கைத்தொலைபேசியை ஒளித்துக் கொண்டு போகவும் வேண்டாம். அதனால் துன்பப்படுவது உள்ளே இருப்பவரே.

5. தொடர்பு மறுக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

தனியாளாகக் கேட்டால் வாசலிலேயே பதில் முடிந்துவிடும். மாதர் சங்கமும் கமக்காரர் சங்கமும் சேர்ந்து ஒரே மனுவில் கையொப்பமிட்டுக் கேட்கட்டும். சிறையில் இருப்பவர் ஒருநாள் நம் ஊருக்கே திரும்பி வரப்போகிறார். அவர் வரும்போது வீடும் வயலும் பிள்ளைகளும் அவருக்கு அந்நியமாகிவிடாதிருக்க, அந்தக் குரல் இன்றே மதிலைத் தாண்ட வேண்டும்.