நேற்றைய நாமும் இன்றைய நாமும்

புதிர் விளையாட்டுகள் சிலவற்றில், ஆடுபவன் சற்றுமுன் செய்த அசைவுகளைக் கணினி பதிந்து வைத்து, அவனுடைய பிரதியொன்றைக் களத்தில் நடமாட விடுகிறது. 2008இல் வெளிவந்த பிரெயிட் விளையாட்டின் நிழலுருவும், 2014இல் குரோஷிய நிறுவனமான குரோட்டீம் சிருஷ்டித்த தாலோஸ் பிரின்சிபிளில் பொத்தானை மிதித்து நின்று நமக்குக் கதவு திறந்துவிடும் உருவும் இவ்வகையினவே.

இப்பிரதி எதை நினைவில் வைப்பது, அழுத்திய விசைகளையா, நின்ற இடங்களையா? தலவில புனித அன்னம்மாள் ஆலயப் பெருவிழாவுக்கு வந்து கூடாரமடித்த யாத்திரிகர் ஒருவர், “நூறு அடி நேரே, பிறகு இடப்புறம்” என்று மனனஞ்செய்து கண்ணை மூடி நடந்தால், இரவோடிரவாக முளைத்த வளையற்கடையில் முட்டி, அதன்பின் வைக்கும் அடியெல்லாம் பிசகி, ஆலயத்துக்குப் பதிலாகக் கடற்கரையைச் சேர்வார். விசைகளை மட்டும் பதிந்த பிரதியின் கதியும் அதுவே. இடங்களைப் பதிந்ததோ கடையை ஊடுருவிப் போகும் ஆவியாகிவிடும்.

விசைப்பதிவு பலிக்க, உலகம் அணுவளவும் பிறழாமல் மீண்டும் நிகழ வேண்டும். 1993இன் டூம் விளையாட்டு, விநாடிக்கு 35 துடிப்புகள் என்ற நிலையான தாளத்தில் இயங்கி, தற்செயலுக்குங்கூட 256 எண்கள் கொண்ட மாறாத அட்டவணையையே நாடியமையால், அதன் ஆட்டப்பதிவுக்கு விசைகளே போதுமாயின.

புதிரிலோ, களத்திலுள்ள பெட்டியை நகர்த்தி உலகை மாற்றுவதற்கென்றே ஆடுபவன் திரும்ப வருகிறான். ஆகவே இடத்தையும் செயலையும் சேர்த்துப் பதிந்து, வழி அடைபட்டால் பிரதி அங்கேயே கலைந்துபோகச் செய்வதே நேர்மையான விதி என்பது என் அபிப்பிராயம். தானாக வேறு வழி தேடும் பிரதி சாமர்த்தியசாலியாகத் தோன்றினும், அதன் அடுத்த அடியை ஊகிக்க இயலாமையால் புதிர் சூதாட்டமாகிவிடும். பிரதியின் தலைமேல் ஏறி நிற்கலாமா என்பதையும் முதற் கட்டத்திலேயே காட்டிவிடுவது அவசியம்.