எம்டனைக் காட்டிக்கொடுத்த கம்பியில்லாத் தந்தி

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுத் தப்பிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை, ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பீரங்கிகள் வீழ்த்தின என்பார்கள். சரிதான், ஆனால் சிட்னிக்கு வழி காட்டியது எது? நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்களை இறக்கியது. கடலடிக் கம்பியை வெட்டலாம், வானொலிக் கம்பத்தைச் சாய்க்கலாம். ஆனால் அன்னியக் கப்பல் வந்திருக்கிறது என்று ஊழியர்கள் அதற்குள் வானொலி அலையில் அனுப்பிவிட்ட சேதியைத் திரும்பப் பிடிக்க முடியாது. எம்டன் தன் கருவியால் இரைச்சல் கிளப்பி மறித்துப் பார்த்தது. அப்படி மறிப்பதென்றால், கேட்பவரின் கருவியில் இரைச்சல் சேதியை அமுக்கியாக வேண்டும். அது முழுதாக நடக்கவில்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி, துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த சிட்னி, சேதி கிடைத்துத் தீவை நோக்கித் திரும்பியது. அருகில் இருந்தது தற்செயல்தானே எனலாம். ஆமாம். ஆனால் சேதி எட்டாமல் போயிருந்தால், அந்தத் தற்செயலும் பயன்பட்டிருக்காது.