பன்றி விரட்ட எத்தனை துப்பாக்கி வேண்டும்?

சிரம்பான் - புதுக்கன்று நட்ட செம்பனை நிலத்தில் ஒரே ஓர் இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்துவிட்டால், காலையில் போய்ப் பார்ப்பவருக்கு வயிறு எரியும். கன்றைக் கிளறிச் சாய்த்து, நடுக்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும். ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 140 கன்றுகள். நட்டு இரண்டரை, மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் முதல் குலையை வெட்ட முடியும். ஆகவே போனது கன்றின் விலை மட்டுமல்ல, காத்திருந்த காலமும்தான்.

ஜெலுபு, பகாவ், தம்பின் பக்கம் சிறு நிலம் வைத்திருப்பவர்களிடையே துப்பாக்கிப் பேச்சு எழுவது இதனால்தான். கைக்குக் கிடைத்த சாதாரணத் துப்பாக்கிகள் இரண்டு மூன்று இருப்பது நல்லதா, காசு கூடப் போனாலும் தரமான ஒன்றே போதுமா?

அமெரிக்காவில் இது பணத்தையும் ஆசையையும் பொறுத்த கேள்வி. இங்கே பாதிப் பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாநிலப் போலீஸ் தலைவர் தரும் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் ஆளின் பெயரில், குறிப்பிட்ட துப்பாக்கிக்கு. தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. இரண்டாவது துப்பாக்கி வேண்டுமென்றால் அது ஏன் தேவை என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டும். பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தானின் அனுமதி தனி. துப்பாக்கி உரிமம் இருந்தால் வேட்டை உரிமமும் இருப்பதாக நினைத்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நமது தோட்டப்புறங்களில் காண்பது பெரும்பாலும் ரைபிள் அல்ல. 'செனாப்பாங் பாத்தா' என்று எல்லாரும் சொல்லும், நடுவில் மடக்கித் தோட்டா போடும் ஷாட்கன். அதுவும் அநேகமாக 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அடங்கும் குழல் என்பதே அந்த எண்ணின் பொருள். ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர் விட்டம். ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் உயிரைக் குடிக்கும். லயத்து வீடும் பால்மரக் காடும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் அதைச் சுடுவது பைத்தியக்காரத்தனம். ஷாட்கன் குண்டுகள் விரைவில் வேகம் இழந்துவிடும்.

அந்த ஷாட்கனிலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபாடு உண்டு. பன்றிக்குப் போடும் எஸ்ஜி தோட்டாவில் பொதுவாக 9 ஈயக் குண்டுகள். முப்பது மீட்டரில் அவை எவ்வளவு அகலமாக விரியும் என்பது குழல் முனையின் இறுக்கத்தைப் பொறுத்தது. ஒரு துப்பாக்கியில் தட்டளவு விரியும் குண்டுகள் இன்னொன்றில் தாம்பாளமளவு விரியும். தோளில் வைக்கும் கட்டை ஒன்றில் நீளம், ஒன்றில் குட்டை. விசை ஒன்றில் தொட்டாலே விழும், ஒன்றில் இழுத்தாலும் வராது. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றித் தூக்குபவரின் கைக்கு எதுவும் பழகாது. குறி தவறினால்கூடப் பரவாயில்லை. காயம்பட்ட பன்றி புதருக்குள் போய்விட்டால், தேடிப் போகும் மனிதருக்கும் நாய்க்கும் அங்கேதான் ஆபத்து.

துருவும் இருக்கிறது. நம் ஈரப்பதத்தில் எண்ணெய் போடாமல் வைத்த குழலுக்குள் சில வாரங்களிலேயே புள்ளி விழும். மூன்று துப்பாக்கிகளையும் ஒழுங்காகத் துடைப்பவர் அரிது. ஒன்றைத் துடைப்பார், மற்ற இரண்டும் மூலையில் கிடக்கும். குழிவிழுந்து மெலிந்த பழைய குழலில் இன்றைய தோட்டாவைச் சுட்டால் வெடிப்பது குழலாகவும் இருக்கலாம்.

அப்படியானால் விலை கூடியதுதான் நல்லதா? அதுவும் முழு உண்மையல்ல. பெங்களூரில் வாழ்ந்து, தமிழ்நாட்டின் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் பெரும்பாலும் தூக்கிச் சென்றது ஒரே ரைபிளைத்தான், .405 வின்செஸ்டர். அக்காலத்துச் சீமான்கள் லண்டனில் அளவு கொடுத்துச் செய்வித்த இரட்டைக்குழல் ரைபிள்களோடு ஒப்பிட்டால் அது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த சரக்கு. ஆனால் அதன் போக்கு அவருக்குத் தெரியும். இருட்டில் புலி பாயும்போது கை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பழுதில்லாத ஒன்று, கைக்குப் பழகிய ஒன்று என்பதுதான் கணக்கு. குழலில் பொறித்த வெள்ளிப்பூ வேலை பன்றிக்குத் தெரியாது.

உரிமம் கிடைக்கத் தாமதமாகிறது என்று நாட்டுத் துப்பாக்கியைத் தேடிப் போவோர் செய்வது வேறு வகைத் தவறு. வீட்டில் செய்ததும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே. 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ், உரிமமின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். சட்டத்தின் இந்தக் கடுமைக்கு அவசரகாலத்தில் வேர் உண்டு. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்றிருந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது அந்தக் குற்றச்சாட்டின் பேரில்தான். ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது வழக்கு.

இன்று குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இன்னொரு விஷயத்தில். அப்பா அல்லது தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கி, அவர் காலமானதும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அது வீட்டில் இருக்கும் உரிமமில்லாத ஆயுதம். காரியம் முடியட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். வாரிசு விரும்பினால் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால், முதல் தோட்டா போடும் முன் குழலையும் பூட்டையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிப் பார்த்துவிட வேண்டும்.