வீரனோடு குன்னூருக்கு

கோடை விடுமுறை என்றால் பள்ளி உபாத்தியாயருக்கு மணியோசை கேளாத ஒரு மாத காலம். ஏப்ரல் மாதம் பிறந்தவுடனேயே நம் வீட்டில் குன்னூர்ப் பேச்சு ஆரம்பமாகிவிடும். பேச்சு ஆரம்பமான ஐந்தாவது நிமிஷத்தில் நமது சகதர்மிணி, "எல்லாம் சரி, வீரனை என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்பாள். அத்துடன் சபை மௌனமாகிவிடும்.

வீரன் என்பது சிப்பிப்பாறை ஜாதி நாய். வயது ஒன்பது. ஒரு வருஷம் அவனை நாய்களைப் பராமரிக்கும் விடுதி ஒன்றில் பணம் கட்டி விட்டுச் சென்றோம். நாலு நாட்கள் அன்னத்தைத் தொடவில்லையாம். திரும்பி வந்து பார்த்தபோது, இயல்பாகவே மெலிந்த ஜாதியான அவனுக்கு விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. இனி அவனை விட்டுச் செல்வதில்லை என்று குழந்தைகள் அன்றே தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள்.

அதன்படி 2019-ஆம் வருஷத்துக் கோடையில் அவனையும் ரயிலில் ஏற்றினோம். ரயில்வே விதிகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாக நம் பெயரில் எடுத்துக்கொண்டால் நாய் நம்முடனேயே பிரயாணம் செய்யலாம். தூங்கும் வகுப்பிலும், இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் நாய்க்கு இடமில்லை. பதிவு செய்யாமல் கொண்டு போய் அகப்பட்டுக் கொண்டால் கட்டணத்தைப் போல் ஆறு மடங்கு செலுத்த வேண்டும். முதல் வகுப்பு கட்டுப்படாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டி. பார்சல் ஆபீஸில் தடுப்பூசிச் சான்றைக் காட்டி, பணம் கட்டி, ரசீது வாங்கிக் கொள்ள வேண்டும். உபாத்தியாயர் சம்பளத்தில் நாலு பேருக்கு முதல் வகுப்பாவது! வீரன் நாய்ப் பெட்டிக்குப் போனான்.

அங்கேதான் தவறினோம். தவறு முழுவதும் நம்முடையது. பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. மே மாதத்து இரவு, இரும்புப் பெட்டி. நாய்க்கு மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை; பாதங்களில் சிறிது வியர்க்கும், அவ்வளவே. மூச்சு வாங்கி, நாக்கைத் தொங்கவிட்டுத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டாமா? காட்பாடியில் வண்டி நின்ற சொற்ப நேரத்தில் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ரயிலின் வால் வரை ஓடினோம். நாற்பது வயதுக்கு மேல் அவ்வாறு ஓடுவது கண்ணுக்கு அழகான காட்சியல்ல. கார்டு நல்ல மனிதர், கதவைத் திறந்தார். வீரன் நாக்கு நிறம் மாறிப் படுத்திருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை. தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் காட்டியபோதுதான் மெல்ல நக்கினான். அதற்குள் விசில் ஊதிவிட்டது. பாட்டிலை கார்டின் கையில் கொடுத்து, "ஐயா, நீங்களே பார்த்துக் கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டு அருகிலிருந்த பெட்டியில் தொற்றினோம். சேலம் வரை யாருக்கும் உறக்கமில்லை. அங்கே மறுபடியும் ஓடினோம். வால் ஆடியது.

ஆகவே இவ்வருஷம் கார். அதிகாலை நாலு மணிக்குச் சென்னையை விட்டு, வெயில் ஏறுமுன் சேலத்தில் தமக்கை வீட்டை அடைவது. மறுநாள் விடியலில் மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறுவது என்று ஏற்பாடு. காரிலும் அபாயம் இல்லாமல் இல்லை. காப்பி சாப்பிட இறங்கும்போது, "ஐந்து நிமிஷந்தானே" என்று நாயை உள்ளே பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் பத்து நிமிஷத்தில் சுமார் பத்து டிகிரி சூடு ஏறிவிடும். நம்மில் ஒருவர் காப்பியைத் துறந்து அவனுடன் நிழலில் நிற்பதென்று முறை வைத்திருக்கிறோம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் தலைசுற்றி வாந்தி வரும். அன்று காலை ஆகாரம் கூடாது. நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024-ஆம் வருஷம் மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. புறப்படுமுன் நிலவரத்தை விசாரித்துக் கொள்வது நல்லது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஞாபகப்படுத்த குன்னூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. அங்குள்ள பாஸ்டியர் ஸ்தாபனம் 1907-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் இந்நாட்டில் இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றிருந்தது 1900-இல் ஏற்பட்ட கசௌலி ஸ்தாபனம். தெற்கே ஒருவரை வெறிநாய் கடித்தால், இமயமலைச் சாரல் வரை போய்ச் சேர வேண்டும்! வீரனுக்கு வருஷந்தோறும் போடும் ஊசியை இம்முறை ஒரு மாதம் முன்னதாகவே போட்டாயிற்று.

மலையில் இராத் தங்கும்போது நாயை வராந்தாவில் கட்டுவது கூடாது. சிறுத்தைக்கு நாய் என்றால் வெகு பிரியம். கட்டிய நாய் ஓடவும் முடியாது. முதுமலைப் பக்கம் போகலாம் என்று நம் மூத்த பையன் சொன்னான். அது புலிகள் காப்பகம். நாயுடன் போக வேண்டிய இடமல்ல. நாயின் நோய் காட்டு மிருகங்களுக்கும் தொற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் மாண்டதற்குக் காரணம் டிஸ்டெம்பர் என்ற நாய் நோயே. பையன் சிங்கங்களுக்காக விட்டுக் கொடுத்தான்.

குளிர் ஒன்றுதான் பாக்கி. சிப்பிப்பாறை நாய்க்கு ரோமம் குட்டை. கரிசல் காட்டு வெயிலுக்குப் பிறந்த உடம்பு. மிருக வைத்தியர் அவன் பின்னங்கால் மூட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயதாகிவிட்டது; குளிரில் வைக்காதீர்கள். அவன் படுக்கும் சாக்கையே கொண்டு போங்கள். துவைக்க வேண்டாம், தன் வாசனை இருந்தால் புது இடத்தில் தூங்குவான்" என்றார். இந்தச் செய்தியுடன் வீடு திரும்பினால், நமது சகதர்மிணி பிரயாணத்துக்கு முன்னேற்பாடாக அந்தச் சாக்கைச் சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் உலர்த்தியிருக்கிறாள். கொடிக்கு நேர் கீழே வீரன் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தான்.

புறப்பட இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அதற்குள் அழுக்காக்கிவிடுவான் என்று நம்புகிறோம்.